புதுப்பித்த லாரி எஞ்சினில் வால்வுக் கோளாறுகள்: காதால் கேட்பதும் கருவியால் அளப்பதும்

பாலக்காட்டுக் கணவாயின் தென்விளிம்பில், நெல்லியாம்பதி மலைகளின் அடிவாரத்தில் அமைந்த ஊர் கொல்லங்கோடு. பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் வழியாகத் திருச்சூர் நோக்கிச் செல்லும் சாலை இவ்வூரைத் தொட்டுச் செல்கின்றது. தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் இந்த எல்லைப்புறத்தின் நெல்லும், தேங்காயும், முதலமடையின் மாங்காயும் லாரி ஏறியே சந்தையை அடைகின்றன. கணவாய்ச் சமவெளியில் நெடுந்தூரம் ஒரே வேகத்தில் ஓடும் அதே வண்டி, நெம்மாறையில் தெற்கே திரும்பினால், போத்துண்டி அணையைக் கடந்து கொண்டை ஊசி வளைவுகளில் நெல்லியாம்பதித் தோட்டங்களுக்கு ஏறவேண்டும். இவ்விருவகைப் பாதைகளிலும் உழைக்கும் எஞ்சினில் உள்ள குறை நெடுநாள் மறைந்திருக்க இயலாது.

நம் நாட்டில் டீசல் லாரி பரவிய வரலாறு பெரும்பாலும் சில எஞ்சின்களின் வரலாறேயாகும். 1954-இல் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டு ஜாம்ஷெட்பூரில் லாரிகளை உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், லேலண்ட் நிறுவனம் பங்கு கொண்டதும், 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிச் சென்னையை அடுத்த எண்ணூரில் வளர்ந்தது. சென்னையின் சிம்சன் நிறுவனம் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களைத் தயாரித்தது. டைம்லர்-பென்ஸ் உடன்பாடு 1969-இல் முடிவுற்றதும் டாட்டா என்ற பெயரே அந்த வண்டிகளில் நிலைபெற்றது. ஆயினும் கிராமப்புறங்களில் 'பென்ஸ் லாரி' என்ற வழக்கு மறையப் பல ஆண்டுகள் ஆயின.

அக்காலத்து ஓ.எம். 312 எஞ்சினை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஆறு சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் விட்டமும் 90 மி.மீ.; பிஸ்டனின் ஓட்டம் 120 மி.மீ.; மொத்தக் கொள்ளளவு சுமார் 4.6 லிட்டர். கேம் தண்டு எஞ்சின் உடலுக்குள் இருக்கும். அதன் மேல் அமரும் டாப்பெட், புஷ்ராடு என்னும் நீண்ட கோலை உயர்த்தும்; கோல் ராக்கரின் ஒரு முனையை உயர்த்தும்; ராக்கரின் மறுமுனை தாழ்ந்து, ஸ்பிரிங்கை அமுக்கி, வால்வைத் திறக்கும். அக்கால லாரி எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் அமைப்பு இதுவே. இத்தகைய எஞ்சின்களைப் பேணிப் புதுப்பிப்போர் இன்றும் உளர். இயந்திரக் கல்வி கற்பிக்கவும் இவை ஏற்றவை. ஆனால் புதுப்பித்து முடித்தபின் எழும் வால்வுக் கோளாறுகளைப் பலர் காதை மட்டும் நம்பித் தீர்மானிக்கின்றனர். அம்முறை எங்கே துணை செய்யும், எங்கே கைவிடும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடைவெளி எதற்கு?

வால்வு மூடியிருக்கும்போது ராக்கரின் முனைக்கும் வால்வுத் தண்டின் தலைக்கும் இடையே மெல்லிய இடைவெளி விடப்படுகின்றது. தொழிற்கூடங்களில் இதை 'டாப்பெட் கேப்' என்பர். இஃது எதற்கென்று கேட்டால், வெப்பத்தால் உலோகம் நீளும் என்ற பள்ளிப் பாடமே விடையாகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 130 மி.மீ. நீளமுள்ள எக்ஸாஸ்ட் வால்வு ஒன்றின் சராசரி வெப்பநிலை, ஓட்டத்தின்போது 250 டிகிரி உயர்கிறதெனக் கொள்வோம். எஃகு ஒரு டிகிரி வெப்ப உயர்வுக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு நீளும். எனவே வால்வின் நீட்சி 130 × 250 × 12 ÷ 10,00,000, அதாவது 0.39 மி.மீ. வால்வைத் தாங்கும் வார்ப்பிரும்புத் தலைப்பாகமாகிய ஹெட்டும் நீளுகின்றது. ஆனால் தண்ணீரால் குளிர்விக்கப்படுவதால் அதன் உயர்வு 60 டிகிரி அளவே எனக் கொண்டால், அதே நீளத்திற்கு நீட்சி 0.09 மி.மீ. அளவே. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு 0.30 மி.மீ. இந்த வேறுபாட்டிற்கு இடம் விடாவிட்டால், சூடேறிய வால்வு ராக்கரில் முட்டி, முழுதும் மூட இயலாமல் நிற்கும். உண்மை எஞ்சினில் புஷ்ராடும் எஞ்சின் உடலும் தத்தம் அளவில் நீளுவதால் கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஆகவே இடைவெளியை ஊகத்தால் வைக்காமல், அந்தந்த எஞ்சினின் கையேடு கூறும் அளவையே வைக்கவேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு மிகுதியாகச் சூடேறுவதால், பொதுவாக அதற்கு இன்லெட் வால்வைவிட மிகுந்த இடைவெளி கூறப்பட்டிருக்கும்.

ஓசையின்மை என்னும் ஆபத்து

இடைவெளி மிகுந்தால் ராக்கர் வால்வுத் தண்டைத் தட்டும்; 'டிக், டிக்' என்ற ஓசை எழும்; வால்வு சற்றுப் பிந்தித் திறந்து முந்தி மூடும். இதனால் தேய்மானமும் ஆற்றல் இழப்பும் உண்டு. எனினும் ஓட்டுநர் கேட்டுவிடுகிறார். தொழிற்கூடத்துக்கு வண்டி வந்துவிடுகின்றது.

இடைவெளி குறைந்தாலோ ஓசை எழுவதில்லை. எஞ்சின் முன்னிலும் அமைதியாக ஓடுவதுபோலத் தோன்றும். ஆனால் உள்ளே நிகழ்வது வேறு. எக்ஸாஸ்ட் வால்வின் தலை கடும் பளுவில் 700 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குச் சூடேறக்கூடும். அவ்வெப்பத்தின் பெரும்பகுதி, வால்வு மூடித் தன் இருக்கையில் படியும் வேளையிலேயே ஹெட்டுக்கும், அங்கிருந்து குளிர்நீருக்கும் செல்கின்றது. எஞ்சியது தண்டின் வழியாகக் கைடுக்குச் செல்கின்றது. இருக்கையில் அழுந்தப் படியாத வால்வுக்கு இந்த வழி அடைபட்டுவிடுகின்றது. மேலும், எரியும் வாயு அந்தச் சிறு சந்தின் வழியே பீறிட்டு, உலோகத்தை வெட்டிக்கொண்டு போகின்றது. வால்வின் விளிம்பு கருகி, பிளந்து, இறுதியில் தலையே முறிந்து சிலிண்டருக்குள் விழுவதும் உண்டு. விழுந்தால் பிஸ்டனும் ஹெட்டும் பாழாகும். பல மாதச் சேமிப்பில் புதுப்பித்த எஞ்சின் ஒரு மலைவளைவில் நின்றுபோகும். பளுவேறிய வண்டியில் எஞ்சின் தரும் தடுப்பாற்றல் அந்த நொடியில் இல்லாமற்போவது உயிருக்கே கேடாகும்.

ஆகவே, ஓசை எழுப்பும் வால்வு எச்சரிக்கின்றது; ஓசையற்ற வால்வு சில வேளை எச்சரிக்காமலே அழிகின்றது. ஓசையை அடக்குவதற்காக இடைவெளியைக் கையேட்டின் அளவுக்குக் கீழே குறைப்பது நோயை மறைக்கும் மருத்துவம்.

புதுப்பித்தபின் இடைவெளி ஏன் குறைகின்றது?

புதுப்பித்த எஞ்சினில் இந்த ஆபத்து மிகுதி. காரணங்கள் இரண்டு. முதலாவது, புதிதாகக் கடைந்து தேய்த்த இருக்கையில் வால்வு தொடக்க ஓட்டத்தில் இன்னும் சற்றே ஆழ்ந்து படியும். வால்வின் தலை மேலேறினால் தண்டும் மேலேறி ராக்கரை நெருங்கும். இரண்டாவது, ஹெட்டுக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையிலுள்ள புதிய கேஸ்கெட் சூட்டில் அமுங்கும். கையேடு கூறும்படி ஹெட் போல்டுகளை மறுபடி இறுக்கும்போது அது மேலும் அமுங்கும். ஹெட் சற்றே கீழிறங்கினால், நீளம் மாறாத புஷ்ராடு ராக்கரை அந்த அளவு உயர்த்திவிடும். இரு காரணங்களும் இடைவெளியைக் குறைக்கவே செய்கின்றன.

ஆதலின் முதல் சில நூறு கிலோமீட்டரில் 'சத்தம் தானே குறைந்துவிட்டது' என்று உரிமையாளர் மகிழ்வாரானால், தொழிலாளி ஃபீலர் கேஜை எடுத்து அளக்கவேண்டிய வேளை அதுவே. ஹெட் போல்டுகளை மறுபடி இறுக்கியபின் இடைவெளியை அளக்காமல் ராக்கர் மூடியை மாட்டலாகாது.

இதனோடு ஒட்டிய இன்னொரு குறையும் உண்டு. வளைந்த ஹெட்டை லேத்துக் கூடத்தில் சீவிச் சமப்படுத்தும்போது அதன் உயரம் குறைகின்றது. பழைய புஷ்ராடு அவ்வளவுக்கு நீண்டதாகிவிடுகின்றது. ராக்கரின் திருகை முழுதும் பின்வாங்கினாலும் இடைவெளி கிட்டாத எஞ்சின்களில் இதனை முதலில் ஐயுறவேண்டும். சீவிய அளவைக் குறித்து வைத்திருந்தால் ஐயம் உடனே தீரும். வால்வின் தலை ஹெட்டின் பரப்பிலிருந்து எவ்வளவு உள்ளடங்கியுள்ளது என்பதையும் அப்போதே அளக்கவேண்டும். டீசல் எஞ்சினில் மேல்முனையை அடைந்த பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடையேயுள்ள வெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவே இருப்பதுண்டு. வால்வு வெளித்துருத்தினால் பிஸ்டன் மோதும். மிக ஆழ்ந்தால் அமுக்க விகிதம் குறைந்து குளிர்காலையில் எஞ்சின் எளிதில் கிளம்பாது.

ஓசையை இனங்காணும் வழி

காது பயனற்றது என்பதன்று இதன் பொருள். எங்கே தேடவேண்டும் என்பதைக் காது சொல்லும்.

நான்கு ஓட்ட எஞ்சினில் கேம் தண்டு, கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழலும். எஞ்சின் பளுவின்றி நிமிடத்திற்கு 600 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் 300 முறை, அதாவது நொடிக்கு 5 முறை திறந்து மூடும். எனவே எண்ணத்தக்க மெதுவான தட்டல் வால்வுப் பக்கத்தையும், அதைப் போல் இருமடங்கு விரைந்த தட்டல் கிராங்க் பக்கத்தையும் குறிக்கும் என்பது பழைய விதி. ஆனால் டீசல் எஞ்சினில் இவ்விதி தனித்துப் போதாது. ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிபொருள் தெளிப்பதும் இரு சுற்றுக்கு ஒரு முறையே நிகழ்வதால், எரிதலின் தட்டலும் வால்வின் தட்டலும் ஒரே தாளத்தில் ஒலிக்கும்.

இவற்றைப் பிரித்தறியப் பழைய வகை டீசல் பம்பு உள்ள எஞ்சினில் ஓர் எளிய சோதனை உண்டு. மந்த ஓட்டத்தில், சிலிண்டர்களின் இன்ஜெக்டர் குழாய் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்தி, அந்தச் சிலிண்டரில் எரிதலை நிறுத்தவேண்டும். தட்டல் மறைந்தாலோ தணிந்தாலோ, அஃது எரிதலால் அல்லது பேரிங்கின் தளர்வால் எழுவது. தட்டல் மாறாது நின்றால் வால்வுப் பக்கத்தைத் தேடவேண்டும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும் ஆற்றல் உடையது. ஆகையால் நட்டைத் துணியால் மூடி, கையையும் முகத்தையும் விலக்கிச் செய்க. இன்றைய காமன் ரெயில் எஞ்சின்களில் எரிபொருள் அழுத்தம் ஆயிரம் பார் அளவைக் கடந்து நிற்கும். அவற்றில் இச்சோதனையை ஒருபோதும் செய்யலாகாது.

ஓசை வால்வுப் பக்கத்தது என்று தெளிந்தபின், ராக்கர் மூடியைக் கழற்றி, மந்த ஓட்டத்தில் ஒவ்வொரு ராக்கரின் முனையிலும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டைச் செருகிப் பார்க்கலாம். எந்த இடத்தில் செருகும்போது ஓசை அடங்குகிறதோ, குறை அந்தத் தொடரில் உள்ளது. ராக்கர்கள் எண்ணெயில் நனைந்துள்ளனவா என்பதையும் அப்போதே காண்க. ராக்கர் தண்டைத் திருப்பி மாட்டினால் அதன் எண்ணெய்த் துளைகள் உரிய திசையில் அமையா. ராக்கர்கள் வறண்டு கிறீச்சிடும். எண்ணெய் அழுத்தமானி நல்ல அளவையே காட்டும். ஏனெனில் அது கீழுள்ள முதன்மைக் குழாயின் அழுத்தத்தையே அளக்கின்றது.

இடைவெளியை அளக்கும் வரிசை

ஆறு சிலிண்டர் எஞ்சினின் வழக்கமான எரிவரிசை 1-5-3-6-2-4. இதில் 1-உம் 6-உம், 5-உம் 2-உம், 3-உம் 4-உம் இணைகள். ஒவ்வோர் இணையின் கூட்டும் ஏழு என்பது நினைவிற்கு எளிது. ஆறாம் சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு மூடியும் இன்லெட் வால்வு திறந்தும் இரு ராக்கர்களும் ஒருசேர அசையும் நிலையில், முதல் சிலிண்டரின் இரு வால்வுகளும் முழுதும் மூடியிருக்கும். அப்போது முதல் சிலிண்டரை அளக்கவேண்டும். இரண்டாவது அசையும்போது ஐந்தாவதையும், நான்காவது அசையும்போது மூன்றாவதையும், இவ்வாறே எரிவரிசைப்படி மற்றவற்றையும் அளந்து முடிக்கலாம். கிராங்க் தண்டை இருமுறை சுழற்றினால் பன்னிரண்டு வால்வுகளும் முடியும்.

ராக்கரின் முனை குழிந்து தேய்ந்திருந்தால் ஃபீலர் கேஜ் ஏமாற்றும். நேர்த்தகடு குழியின் மேல் பாலம்போல் நின்று, உண்மை இடைவெளியைவிடக் குறைந்த அளவைக் காட்டும். சரியாக வைத்தும் ஓசை நீங்காத வால்வில் இதனை நோக்குக.

பன்னிரண்டு எண்களும் ஒரு குறிப்பேடும்

அளந்த பன்னிரண்டு எண்களையும் நாளும் கிலோமீட்டரும் இட்டு எழுதிவைப்பதே இக்கட்டுரை வற்புறுத்த விரும்பும் பழக்கம். ஒரு முறை அளந்த எண் இன்றைய நிலையை மட்டும் சொல்லும். இரண்டாம் முறை அளந்த எண் குறை எந்தத் திசையில் வளர்கின்றது என்பதைச் சொல்லும்.

இடைவெளி குறுகிக்கொண்டே போனால், குறை வால்வின் முனையில் உள்ளது. எடுத்துக்காட்டாக, 0.30 மி.மீ. வைத்த எக்ஸாஸ்ட் வால்வு அடுத்தடுத்த அளவைகளில் 0.25, 0.18, 0.10 என்று இறங்குமாயின், இருக்கை தேய்ந்து வால்வு உட்செல்கின்றது, அல்லது வால்வே சூட்டில் நீண்டு வடிவிழக்கின்றது. தொடக்கத்தில் ஒருமுறை குறைந்து நிற்பது படிதல். நில்லாமல் குறைவது நோய். அத்தகைய வால்வை மீண்டும் மீண்டும் திருகி விடுவதில் பயனில்லை, ஹெட்டைக் கழற்றவேண்டும்.

இடைவெளி விரிந்துகொண்டே போனால், குறை மறுமுனையில் உள்ளது. திருகின் பூட்டு நட்டு தளர்ந்திருக்கலாம். ராக்கரின் முனை, புஷ்ராடின் நுனி, டாப்பெட்டின் அடி ஆகியவற்றுள் ஒன்று தேய்ந்துகொண்டிருக்கலாம். அருகருகே பல வால்வுகளில் ஒரே அளவு விரிந்தால் ராக்கர் தண்டின் தாங்கிகள் தளர்ந்தனவா என்று பார்க்க.

இடைவெளி சொல்லாத செய்தி ஒன்றும் உண்டு. இடைவெளியைக் கேமின் வட்டமான அடிப்பகுதியில் டாப்பெட் இருக்கும்போதே அளக்கின்றோம். கேமின் மூக்கு மட்டும் தேய்ந்தால் இடைவெளி மாறாது; வால்வு போதிய அளவு திறவாது. ஆகவே டயல் கேஜை நிறுத்தி, கிராங்க் தண்டை மெல்லச் சுழற்றி, ஒவ்வொரு புஷ்ராடும் எவ்வளவு உயர்கிறதென்று அளக்கவேண்டும். இன்லெட்டை இன்லெட்டோடும் எக்ஸாஸ்ட்டை எக்ஸாஸ்ட்டோடும் ஒப்பிட்டால் குறைந்து நிற்பது தானே புலப்படும். பழைய டாப்பெட்டுகளை இடம் மாற்றி மாட்டுவதும், புதிய கேம் தண்டின்மேல் தேய்ந்த டாப்பெட்டுகளை வைப்பதும் இத்தேய்மானத்திற்குப் பெரிதும் காரணமாகின்றன. புதிய கேம் தண்டுள்ள எஞ்சினை முதன்முறை கிளப்பியதும் நெடுநேரம் மந்தமாக ஓடவிடுவதும் நன்றன்று; மிக மெதுவான ஓட்டத்தில் கேமின்மேல் தெறிக்கும் எண்ணெய் குறைவு.

வால்வு படிகிறதா என்பதை அறிய, சிலிண்டரை அமுக்க ஓட்டத்தின் மேல்முனையில் நிறுத்தி, இன்ஜெக்டர் துளை வழியே அழுத்தக் காற்றைச் செலுத்திக் கேட்கலாம். காற்று வாங்கும் குழாயில் சீறினால் இன்லெட் வால்வும், புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வும், எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் வளையங்களும், ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் கேஸ்கெட்டும் குறையுடையவை. அழுத்தக் காற்று கிராங்க் தண்டைச் சுழற்றிவிடக்கூடும். விசிறியின் அருகே கை வைக்கலாகாது.

மலையிறக்கம் தரும் பாடம்

நெல்லியாம்பதி போன்ற மலைச்சாலையில் ஏற்றத்தைவிட இறக்கமே வால்வுத் தொடருக்குச் சோதனை. டீசல் பம்பின் கவர்னர் எரிபொருளை நிறுத்தி எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஆனால் பளுவேறிய வண்டி கீழ் கியரில் உருண்டிறங்கும்போது எஞ்சினைச் சுழற்றுவது எரிபொருளன்று, சக்கரங்களே சுழற்றுகின்றன. அவ்வேகத்தைக் கவர்னரால் தடுக்க இயலாது. வரையறுத்த வேகத்தை மீறினால் ஸ்பிரிங்கின் விசை போதாது, டாப்பெட் கேமை விட்டு எழும், வால்வு உரிய நேரத்தில் மூடாமல் பிஸ்டனில் மோதும், புஷ்ராடு வளையும். மறுநாள் சமவெளியில் ஒரே ஒரு சிலிண்டரில் புதிய தட்டல் கேட்டால், இறக்கத்தில் எஞ்சின் அலறியதா என்று ஓட்டுநரைக் கேட்கவேண்டும். கழற்றிய புஷ்ராடைக் கண்ணாடித் தகட்டின்மேல் உருட்டினால் வளைவு தெரியும்.

பழைய ஸ்பிரிங்குகளை அளக்காமல் மீண்டும் மாட்டிய எஞ்சின் இவ்வாபத்திற்கு எளிதில் இலக்காகும். ஒவ்வொரு ஸ்பிரிங்கின் தனி நீளத்தையும், குறித்த உயரத்திற்கு அமுக்கத் தேவைப்படும் பளுவையும் கையேட்டோடு ஒப்பிட்ட பின்னரே மாட்டவேண்டும். ஓட்டுநரோ, சரிவு தொடங்குமுன் கியரைத் தேர்ந்து, எஞ்சின் எல்லை மீறாதபடி பிரேக்கையும் அளவோடு பயன்படுத்தவேண்டும்.

கற்பிப்போர்க்கு

ஆசிரியர்களுக்கு இவ்வெஞ்சின் ஓர் ஆய்வுக்கூடமாகும். வெப்ப விரிவு, நெம்புகோல், வெப்பம் கடத்தல், ஸ்பிரிங்கின் விசை ஆகிய நான்கு பாடங்களும் ஒரு ராக்கர் மூடியின் கீழ் அடங்கியுள்ளன. மாணவர் ஒருவர் அளக்க, மற்றொருவர் பன்னிரண்டு கட்டங்களில் எழுதி, ஒரு மாதம் கழித்து மீண்டும் அளந்து ஒப்பிடட்டும். எண் குறைந்ததா, விரிந்ததா, ஏன் என்று அவர்களே விளக்கட்டும்.

களப்பணியாளர்க்குக் கூறவேண்டுவது இன்னும் சுருக்கமானது. புதுப்பித்த எஞ்சினை உரிமையாளரிடம் ஒப்படைக்கும்போது அந்தப் பன்னிரண்டு எண்களையும் எழுதிய தாளையும் உடன் கொடுத்தனுப்புக. அடுத்து ராக்கர் மூடியைத் திறப்பவர் எவராயினும், எந்த ஊராயினும், அத்தாளைக் கொண்டு குறை வால்வின் பக்கமா, கேமின் பக்கமா என்பதைச் சில நிமிடங்களில் அறிந்துகொள்வார்.